பெயர் இல்லாத பூனை

1904-ம் ஆண்டு. ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஒரு வீட்டுக்குள் பூனைக்குட்டி ஒன்று நுழைந்தது. வீட்டுக்கார அம்மாளுக்குப் பூனை பிடிக்காது. தூக்கி வெளியே போட்டார். மறுபடியும் வந்தது. மறுபடியும் போட்டார். கடைசியில் கணவர்தான், இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அவர் பெயர் நட்சுமே சோசெகி. பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தவர். 1905-ல் அந்தப் பூனையே பேசுவதுபோல ஒரு கதை எழுதினார். ஒன்றோடு நிறுத்த நினைத்தார். வாசகர்கள் விடவில்லை. 1906 வரை நீண்டது.

பூனையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் மீசையைப் புகழ்வார்கள், கண்ணை வர்ணிப்பார்கள். அது யாராலும் முடியும். சோசெகி பூனையின் கண்ணால் தன்னையே பார்த்தார். கதையில் வரும் வாத்தியார் வயிற்று வலிக்காரர்; முன்கோபி; புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவார். சோசெகிக்கும் வயிற்று வலி உண்டு! ஊர் சிரிக்கத் தன் குறையை அச்சில் ஏற்ற எத்தனை படித்தவர்களுக்குத் துணிச்சல் வரும்?

புகழ் வந்தது. பூனைக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. கடைசிவரை வெறும் 'பூனை'தான். இது கொஞ்சம் அநியாயம்!

1908-ல் பூனை இறந்தது. சோசெகி கறுப்புக் கரையிட்ட அட்டைகளில் சீடர்களுக்குச் சாவுச் செய்தி அனுப்பினார். தோட்டத்தில் புதைத்த இடத்தில் கட்டை நட்டு, தம் கையாலேயே அதில் எழுதினார்.