உறுதி இல்லாதவரின் ஊர்

வறட்சியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் வற்றும்போதெல்லாம் பழைய மஸ்கெலியா நகரின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. கோயிற் சுவரைக் காண ஊர் திரளுகிறது, படம் பிடிக்கிறது, பத்திரிகைகள் வியக்கின்றன. பின்னர் மழை பெய்கிறது, யாவரும் மறந்துவிடுகிறோம். இந்த வேடிக்கை மனப்பான்மையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

1969இல் எழுந்த அந்த அணை வேண்டாதது என்று நாம் கூறவில்லை. மின்சாரமின்றித் தொழில் வளர்ச்சி ஏது? நாம் கேட்பது வேறு. ஊரிழந்தவனின் இழப்பை எந்தக் கோலால் அளந்தோம்?

புதுக்கடையில் வாழும் நாம் அக்கோலை நன்கறிவோம். நீதிமன்ற வாயில்களில் உறுதிக் கட்டுகளோடு காத்து நிற்போரை நாள்தோறும் காண்கிறோம். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டமும் காணியில் உரித்துடையோருக்கே நட்டஈடு பேசுகிறது. லயத்துத் தொழிலாளியிடம் உறுதி ஏது? தலைமுறை தலைமுறையாக அவன் தேயிலை நட்டாலும் அவன் உறங்கும் அறை தோட்டத்தின் உடைமை. ஆகவே, சட்டத்தின் கணக்கில் அவன் இழப்பதற்கு ஒன்றுமில்லை!

அவனுக்குக் குரலாவது இருந்ததா? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மஸ்கெலியா மக்கள் இலங்கை இந்தியக் காங்கிரஸின் வேட்பாளரை நாடாளுமன்றுக்கு அனுப்பினர். மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது; வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. எந்த நாட்டினர் என்றே இரு அரசாங்கங்கள் பேரம் பேசிய மக்களிடம், ஊரை இழக்கச் சம்மதமா என்று எவர் கேட்டிருப்பார்?

இதை இனப் பிரச்சினையாக மட்டும் காண்பது தவறு. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா, கொத்மலை அணைகளுக்காகச் சிங்கள விவசாயிகளும் வயலையும் விகாரையையும் இழந்தனர். எங்கும் அணைக்காக எழுந்து போகிறவன் உழைப்பாளியே.

உறுதியற்றோரும் நியாயமாக நடத்தப்படவேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை ஒப்புக்கொண்டது. ஆனால் அது கொள்கை, சட்டமன்று. இன்றும் லயங்களில் வாழ்வோரிற் பெரும்பாலாருக்குக் காணியுறுதி இல்லை. நாளை இன்னோர் அணை எழுந்தால் கதை மாறுமா?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! அடுத்த வறட்சியில் மஸ்கெலியாவுக்குச் செல்லுங்கள். படத்தோடு மட்டும் திரும்பாதீர்கள். முதியோரைத் தேடி, எந்த வீட்டில் எவர் வாழ்ந்தார், எங்கே போனார் என்று எழுதி வாருங்கள். வாழ்ந்ததும் உழைத்ததுமே உரித்தாகும் என்று சட்டம் சொல்லவேண்டும். அதைக் கேட்டுப் போராடும்போது நம் கையில் அந்த ஏடுகள் இருக்கட்டும்.