பெயர்த்தெழுதும்போது தொலைபவை

மென்பொருள் ஒன்றின் மூலநிரலை ஓர் இருப்பிடத்திலிருந்து இன்னோர் இருப்பிடத்துக்கு மாற்றுவதைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இது நமக்குப் பழகிய சிக்கல்தான்: ஏடு பெயர்த்தெழுதுதல்.

பலர் கூடி எழுதும் நிரலில் யார், எப்போது, எந்த வரியை, ஏன் திருத்தினார் என்று குறித்துவைப்பவை பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள். சிவிஎஸ், சப்வெர்ஷன், கிட் என்று இவை மாறிவந்திருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதே கேள்வி எழுகிறது. இன்றைய நிரலை மட்டும் கொண்டுசென்றால் போதுமா, பழைய திருத்தங்கள் அத்தனையையும் சுமக்க வேண்டுமா?

லினக்ஸ் கெர்னல் முதல் வழியில் சென்றது. அது பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் 2005இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் கிட்டை எழுதினார். பழைய வரலாறு கைவசம் இருந்தும் அதைச் சேர்க்காமல், 2.6.12-ஆர்சி2 என்ற நிலையிலிருந்து புதுக்கணக்குத் தொடங்கினார். கருவி புதிது, வரலாற்றை ஏற்றினால் 3.2 ஜிபி ஆகும் என்பது அவர் கணக்கு. காரணம் நியாயமானதே. ஆனால் பழைய வரியொன்று ஏன் அப்படி இருக்கிறது என்று தேடிச் செல்பவர் இன்றும் அந்த ஏப்ரல் மாதச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார். முந்தைய வரலாறு தனிக் களஞ்சியங்களாகக் கிடைக்கிறது. இணைத்துப் பார்ப்பது அவரவர் பாடு.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி நிரல்பெயர்ப்பி வேறு வழியில் சென்றது. 2005இல் சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கும், 2020 ஜனவரியில் கிட்டுக்கும் அது மாறியது. இரண்டாவது மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைப் பெயர்க்க எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன் பயன்பட்டது. இங்கே இரண்டு செயல்கள் என்னைக் கவர்ந்தன.

ஒன்று, ஆசிரியர் பெயர். சப்வெர்ஷனில் திருத்தத்தை உள்ளிட்டவரின் பெயர் மட்டுமே பதிவாகும். எழுதியவர் வேறொருவராக இருக்கலாம். கிட் இவ்விருவரையும் தனித்தனியே குறிக்கும். ஆகவே நிரலோடு இருந்த மாற்றக் குறிப்பேடுகளிலிருந்து உண்மையான ஆசிரியர்களின் பெயர்களை மீட்டெடுத்துச் சேர்த்தார்கள். ஏடு பெயர்த்தவரை நூலாசிரியராக மயங்கும் பிழையைத் திருத்துவது போன்றது இது.

இரண்டு, பழைய எண்கள். சப்வெர்ஷனின் திருத்த எண்களைச் சுட்டிப் பல வழு அறிக்கைகளும் மடல்களும் எழுதப்பட்டிருந்தன. கிட்டில் அந்த எண்கள் இல்லை. எனவே பெயர்த்த ஒவ்வொரு திருத்தக் குறிப்பின் அடியிலும் பழைய எண்ணை எழுதிவைத்தார்கள். மேற்கோள்கள் அநாதையாகவில்லை.

"இயங்குவது இன்றைய நிரல்தானே, பழங்குப்பை எதற்கு?" என்பார்கள். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தராமல், தமக்குச் சரியெனப்பட்ட பாடத்தை மட்டும் அச்சிட்ட பதிப்பாசிரியர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நிறுத்தப்பட்ட சோதனையும் திரும்பப்பெற்ற திருத்தமும் அடுத்து வருபவருக்கு எச்சரிக்கைகள். அவை தெரியாதவர் அதே தவற்றை மீண்டும் செய்வார். முன்பு உழைத்தவருக்கோ பெயரும் மிஞ்சாது.

அவசரத்தில் குடிபெயர்பவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். அவகாசம் இருந்தும் விட்டுச் செல்வதைக் குற்றம் என்றே சொல்வேன்.