காணாமல் சொல்லும் தீர்ப்பு

கணினி விளையாட்டு என்றாலே முகம் சுளித்து, "ஆகாது" என்று தீர்ப்பளித்துவிடும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, அதனை உள்ளத்தில் சரிவர உருவகித்துக்கொள்வதன் கிளையே என்பது அரபு மத்ரஸாக்களில் வழங்கும் விதி. வேரில்லாக் கிளையை நாம் எங்ஙனம் ஏற்பது?

'ரிவர் ரெய்டு' என்னும் விமானப் போர் விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். கரோல் ஷா என்னும் அம்மையார் ஆக்டிவிஷன் நிறுவனத்திற்காக 1982இல் ஆக்கியது. பின்னர் கமடோர் 64 முதலிய அக்கால வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது. ஆற்றின் மீது பறந்து, எதிர்ப்படுவனவற்றைச் சுட வேண்டும். அதன் முதல் வடிவம் அடங்கிய இடம் 4,096 பைட்டுகளே. நெடிய ஆற்றை அதில் வரைந்து வைக்க இயலாமையால், எண்களின் வாய்பாட்டால் கரைகளை அவ்வப்போது பிறப்பித்தார் அவ்வம்மையார். அறிவுடையோர் வியக்கத்தக்க ஆற்றல் இது!

1984இல் மேற்கு ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்பு அலுவலகம் இதனைப் போர்ப்பயிற்சிக்கு ஒப்பிட்டு, சிறுவர்க்குத் தீங்கானவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2002 வரை அப்பெயர் நீங்கவில்லை. சுடுதலையே பெரிதாகக் கண்ட தீர்ப்பு அது.

உள்ளே நோக்குவோம். கப்பலைச் சுட்டால் 30 புள்ளி, ஹெலிகாப்டருக்கு 60, எரிபொருள் கிடங்கிற்கு 80. அக்கிடங்கைச் சுடாமல் அதன்மேல் பறந்தாலோ, விமானத்திற்கு எரிபொருள் கிடைக்கும். மெதுவாகப் பறந்தால் மிகுதியாகக் கிடைக்கும். புள்ளிக்கு ஆசைப்பட்டுக் கிடங்குகளையெல்லாம் அழித்தவன், சற்றுத் தொலைவில் எரிபொருளற்று வீழ்கிறான். பேராசையின் கேட்டைச் சிறுவனுக்கு உணர்த்த இதனினும் சுருங்கிய பாடம் உண்டோ?

"அங்ஙனமாயின் குற்றமே இல்லையோ?" எனின், உண்டு. பாலத்தைத் தகர்த்தால் 500 புள்ளி; தகர்க்காமல் மேற்செல்ல வழியும் இல்லை. அப்பாலத்தைக் கடந்து பிழைத்தவர் யாவர்? திரையில் ஒரு மனித முகமும் இல்லை. சுடப்படுவோரை மறைத்துவிட்டுப் புள்ளியை மட்டும் காட்டும் இக்கணக்கையே நாம் கண்டிக்கிறோம். "வெறும் விளையாட்டுத்தானே" என்பாரும் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! பிள்ளையின் அருகமர்ந்து ஒருமுறை அத்திரையைப் பாருங்கள். பின்னர், "அந்தப் பாலத்தில் யார் போய்க்கொண்டிருந்தார்கள்?" என்று கேளுங்கள். அவ்வினாவை அவன் மறக்கமாட்டான். காணாமல் விதித்த தடையையோ, நம் தலை மறைந்ததும் மறந்துவிடுவான்.