குணமாகிவிட்டது என்று யார் சொன்னது?

2008ஆம் ஆண்டு ஜனவரியில் லிட்டில் இந்தியாவின் கிளைவ் ஸ்திரீட் வட்டாரத்தில் சிக்குன்குனியா பரவியது. சிங்கப்பூருக்குள்ளேயே கொசுவின் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அந்நோய் தொற்றியது அதுவே முதல் முறை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2006இல், தமிழ்நாட்டையும் அது ஆட்டிப் படைத்திருந்தது. அந்த நோயைப் பட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காய்ச்சலைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். காய்ச்சல் நான்கைந்து நாளில் போய்விட்டது, முழங்காலும் மணிக்கட்டும்தான் மாதக்கணக்கில் படுத்தி எடுத்தன என்பார்கள். சிக்குன்குனியா என்ற பெயரே கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில், ஆளை வளைத்துவிடுவது என்னும் பொருளில் பிறந்ததுதான்.

ஆகவே, காய்ச்சல் போன பிறகும் நோய் போகாமல் இருக்கலாம் என்பது நம் சமூகத்துக்குப் புதிய செய்தியன்று. அப்படியிருக்க, கொவிட்-19 விஷயத்தில் மட்டும் நாம் ஏன் அதை ஏற்க மறுக்கிறோம்? சோதனைக் கருவியில் ஒரு கோடு விழுந்தவுடன் நோயாளி என்ற சொல்லை ஏன் அவ்வளவு அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்?

‘லாங் கொவிட்’ என்ற பெயரை மருத்துவர்கள் சூட்டவில்லை. எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர் 2020 மே மாதம் தம் நிலையைக் குறிக்க டுவிட்டரில் எழுதிய சொல் அது. நோயாளிகளே அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுதும் பரப்பினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முறையான வரையறை தந்தது 2021 அக்டோபரில்தான். தொற்றிய மூன்று மாதங்களில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு எந்த நோயாலும் விளக்க முடியாத அறிகுறிகள் என்பது அதன் சாரம். களைப்பு, மூச்சுத்திணறல், நினைவும் கவனமும் மங்குதல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இக்கட்டுரையில் இதனை நான் நெடுநாள் கொவிட் என்றே அழைக்கிறேன்.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைத்துவிட வேண்டாம். தொடக்கக் கட்டத்தில் தொற்றியவர்களைத் தொடர்ந்து கவனித்த நம் தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையம், ஆறு மாதத்துக்குப் பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அறிகுறிகள் நீடித்ததை 2021இல் கண்டது. தடுப்பூசி வந்த பிறகு இந்த வாய்ப்பு குறைந்தது என்பது உண்மை. குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. சார்ஸ் கற்றுத் தந்த பாடமும் இருக்கிறது. 2003இல் இங்கே 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைக் கொண்டுபோன அதே சார்ஸ்தான். ஹாங்காங்கில் அதிலிருந்து பிழைத்தவர்களை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, சுமார் 40 விழுக்காட்டினர் நீங்காத களைப்பைப் பற்றிச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2009இலேயே வெளிவந்துவிட்டது.

இனி எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்துவிட்டுப் பாலத்தைக் கடந்து வந்த எனக்கு, இங்கே வீடென்றால் பிடோக் நார்த்தில் உள்ள சித்தியின் மூவறை வீடுதான். 2021 அக்டோபரில் சித்திக்குக் கொவிட் வந்தது. மருத்துவமனைக்குப் போகவில்லை, வீட்டிலிருந்தே குணமடையும் திட்டம் அப்போது நடப்பில் இருந்தது. பத்தாம் நாள் ஒரு கோடு விழுந்தது. 2023இல் நான் அந்த வீட்டுக்குள் பெட்டியோடு நுழைந்தபோது, சித்தி கடுகு கருகுவதை மூக்கால் அறிய முடியாமல், வெடிக்கும் சத்தத்தை வைத்துத் தாளித்துக்கொண்டிருந்தார். மார்க்கெட்டுக்கு நடந்து போய் வந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் எழுந்திருக்க முடியாது. அதற்கு மறுநாளும் அப்படியே. கணக்குப் பிரிவில் 18 ஆண்டு வேலை பார்த்தவர், ஒரே ரசீதை இருமுறை பதிந்துவிட்டு அதைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் முழுதும் தேடியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மேலதிகாரி கேட்ட கேள்வி போதும்: “நெகட்டிவ் வந்துவிட்டதே, இன்னும் என்ன?” சித்தி முதலில் அரைநாள் வேலைக்கு மாறினார். பிறகு வேலையையே விட்டுவிட்டார்.

பலதுறை மருந்தகத்தில் இரத்தசோகை உண்டா, தைராய்டா, நீரிழிவா, இதயக் கோளாறா என்று பொறுமையாகப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். மற்றவர்களுக்கு நார்மல் என்பது நற்செய்தி. நெடுநாள் கொவிட் உள்ளவருக்கோ அது உறவினர் கையில் கொடுக்கப்படும் ஆயுதமாகிவிடுகிறது. “டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்” என்ற வாக்கியம் தீபாவளிக்கு வந்தவர்கள் அத்தனை பேர் வாயிலும் இருந்தது. ஆனால் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் தெரியாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடுமா? நெடுநாள் கொவிட்டை உறுதிசெய்யும் தனிப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் மருத்துவர் அந்த முடிவுக்கு வர முடியும்.

இந்த இடத்தில் மொழியும் நம்மைக் கைவிடுகிறது என்பது என் கருத்து. அசதி, களைப்பு, சோர்வு, அயர்ச்சி என்று தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. இவை எல்லாமே உழைத்தபின் வருவன, உறங்கினால் போவன. இடைநிலைப்பள்ளியில் நாங்கள் மூச்சுக்கு மூச்சு சொன்ன மலாய் ‘பெனாட்’டும் அதே ரகம்தான். ஆகவே ஒருவர் “அசதியாக இருக்கிறது” என்றவுடன், கேட்பவர் “எனக்கும்தான்” என்று சொல்லிவிடுகிறார். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. சித்தி அந்தச் சொற்களையெல்லாம் விட்டுவிட்டார். “உள்ளே கரண்ட் கட்டாயிடுச்சு” என்பார். இதைவிடத் துல்லியமான மொழிபெயர்ப்பை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அடுத்து வருவது அறிவுரை. என் பெரியப்பா ஒவ்வொரு முறை வரும்போதும், பிடோக் நீர்த்தேக்கத்தைக் காலையில் ஒரு சுற்றுச் சுற்றினால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்பார். அன்போடு சொல்வதுதான். நீர்த்தேக்கத்தின் சுற்று 4.3 கிலோமீட்டர்! உழைப்புக்குப் பின் ஓரிரு நாள் கழித்து நிலை மோசமாகும் தன்மை உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை தீங்கானது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இத்தகைய நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைப்புக்குப் பின் தசைத் திசுவிலேயே பாதிப்பு கூடியதை 2024 ஜனவரியில் வெளியிட்டார்கள். சோம்பலும் மனபயமும்தான் காரணம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இதே தன்மையுள்ள நாட்பட்ட களைப்பு நோய்க்கு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையைத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2021 அக்டோபரில் மாற்றி எழுதியது. எல்லாருக்கும் நடை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் கிடந்து தசை மெலிந்தவருக்கு, கண்காணிப்போடு கூடிய பயிற்சி தேவைப்படலாம். யாருக்கு எது என்று சொல்ல வேண்டியவர் இயன்மருத்துவர், பெரியப்பா அல்லர்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிவிடை செய்பவர். பேச்சுப்போட்டிக்காக மனப்பாடம் செய்த நம்மில் பலர் அந்த நான்காவது ஆளைக் கவனித்திருக்க மாட்டோம். உழைச்செல்வான் என்பது அவருக்குரிய பெயர். நெடுநாள் கொவிட்டை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அமெரிக்கா 2021இல் நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கி ஆய்வைத் தொடங்கியும் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. மருந்து இல்லாத இடத்தில் மருத்துவரும் அறிகுறிகளைத் தணிப்பதற்கு மேல் அதிகம் செய்ய இயலாது. அப்படியானால் மீதிப் பாரம் முழுதும் நான்காவது ஆளின் தோளில் அல்லவா விழுகிறது?

எங்கள் வீட்டில் அது பெரிய தியாகமாக ஒன்றும் நடக்கவில்லை. குளிப்பதும் சமைப்பதும் ஒரே வேளையில் கூடாது. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். காய்கறியை உட்கார்ந்துதான் நறுக்குவார். வெங்காயம் நான் உரிப்பேன். யாராவது பார்க்க வந்தால் 20 நிமிடம். சித்தி முகத்தைத் திருப்பியவுடன் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். (வந்தவர்களில் இருவர் என்னைத் திமிர் பிடித்த பிள்ளை என்று ஊருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள்.) ஆற்றல் தீர்ந்தபின் ஓய்வெடுக்காமல், தீர்வதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது என்பதுதான் இதன் சூட்சுமம். இப்படி ஓராண்டு ஓடியபின், படுக்கையில் கழியும் நாட்கள் மாதத்துக்குப் பத்திலிருந்து மூன்றாகக் குறைந்தன. மணம் பாதி திரும்பியிருக்கிறது. கடுகு தெரிகிறதாம், ரசம் தெரியவில்லையாம்.

ஆனால் வீட்டில் ஓர் உழைச்செல்வான் இருந்தால் மட்டும் போதுமா? இங்குள்ள வேலைச் சட்டப்படி ஆறு மாதம் பணியாற்றிய ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் அது பொருந்தும். இரண்டு நாள் நன்றாகவும் மூன்று நாள் மோசமாகவும் ஆண்டுக்கணக்கில் ஓடும் நோய்க்கு எத்தனை எம்சி வாங்குவது? அமெரிக்க அரசாங்கம் 2021 ஜூலையில், நெடுநாள் கொவிட்டும் சட்டப்படி உடற்குறையாகக் கருதப்படலாம் என்று தெளிவுபடுத்தியது. முதலாளி நாற்காலியோ நேர மாற்றமோ தர மறுத்தால் கேட்பதற்கு அங்கே ஒரு பிடி கிடைத்தது. நமக்கும் அத்தகைய பிடி வேண்டும் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாம் தோளுரசி நடக்கும் ஊழியர்களை நினைத்தால் இந்த வாதம் இன்னும் கனக்கிறது. 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி, தங்குவிடுதிகளில் இருந்த 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்கு அதற்குள் கிருமி தொற்றியிருந்தது. அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், பலருக்கு அறிகுறியே தெரியவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். எனினும் அத்தனை பேரில் ஒரு சிறு பங்கினருக்கு நோய் நீடித்திருந்தாலும், சிமெண்டு மூட்டை தூக்குபவர் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, “எனக்கு உள்ளே கரண்ட் போய்விட்டது” என்று யாரிடம், எந்த மொழியில் சொல்வார்? ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடு என்ற அறிவுரையே, நின்றால் கூலி போகும் ஒருவருக்கு எட்டாத சொகுசு. அவருடைய தாய்மொழி நம்முடையதும் ஆயிற்றே.

தமிழ்க் கழகம் ஒன்றால் இதற்கு என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் ஆப்பரா என்ற இசைநாடக நிறுவனம் 2020இல் இம்பீரியல் கல்லூரி மருத்துவர்களோடு சேர்ந்து, நெடுநாள் கொவிட்டால் மூச்சு வாங்குபவர்களுக்கு இணையம் வழி பாட்டு வகுப்பு நடத்தியது. அவர்கள் தேர்ந்தெடுத்தவை தாலாட்டுப் பாடல்கள்! பங்கேற்றவர்களின் மனநலமும் மூச்சுத்திணறலின் சில கூறுகளும் மேம்பட்டதை 2022இல் ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். தாலாட்டு நமக்குத் தெரியாததா?

நம் கழகத்தின் நாடக ஒத்திகை மூன்று மணி நேரம் நீள்கிறது. வராதவர் பெயர் அடிக்கப்படுகிறது. சென்ற தவணையில் அப்படிப் பெயர் அடிக்கப்பட்ட ஒருவர், நிற்க முடியாமல்தான் வரவில்லை என்பது பிறகே தெரிந்தது. இவ்விதழின் பக்கங்களில் பாதியைக் கட்டிலில் படுத்தபடி மெய்ப்புத் திருத்தித் தந்தவர் அவர்தாம். குரல் வேடங்களையும் இத்தகைய பணிகளையும் முதலிலேயே ஒதுக்கி வைப்பதில் கழகத்துக்கு நட்டம் என்ன?

இன்னொன்றும் தொடங்கியிருக்கிறோம். மருத்துவமும் தாதிமையும் சமூகப்பணியும் படிக்கும் உறுப்பினர் நால்வர், நெடுநாள் கொவிட்டைப் பேச்சுத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத் தாளைத் தயாரித்து வருகிறார்கள். ஆசிரியர்களிடம் காட்டிச் சரிபார்த்தபின் தேக்காவில் கொடுக்கலாம் என்பது எண்ணம். முதல் படியைச் சித்தியிடம் கொடுத்தேன். ‘போதிய ஓய்வெடுக்கவும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘அசதி வருவதற்கு முன்னாடியே உட்காருங்க’ என்று எழுதித் தந்தார். நால்வரும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.