சுடோகுவும் கணிதம்தான்

சுடோகுவைப் புதிதாக ஒருவருக்கு அறிமுகப்படுத்தும்போது முதலில் சொல்லப்படுவது, ‘பயப்படாதீங்க, இதுல கணக்கே கிடையாது’ என்பதுதான். கணக்கு என்றாலே ஒதுங்கிப்போகிறவர்களை உள்ளே இழுக்க அந்த வாக்குறுதி உதவுகிறது. ஆனால் அது உண்மையல்ல. சுடோகுவில் கூட்டலும் கழித்தலும் இல்லை, அவ்வளவுதான். மற்றபடி அது முழுக்க முழுக்கக் கணிதம். பள்ளிக்கூடத்தில் கணிதத்தின் உயிராகச் சொல்லித்தர வேண்டிய ஒன்றை நாளிதழின் ஒரு மூலை தினமும் சொல்லித்தந்துகொண்டிருக்கிறது. அதைக் கணிதம் என்று யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

விதி எளிது. மொத்தம் 81 கட்டங்கள். ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்றாகப் பிரித்த ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையிலான எண்கள் ஒருமுறை மட்டுமே வர வேண்டும். இங்கே எண்கள் வெறும் அடையாளங்கள். அவற்றை எடுத்துவிட்டு ‘அ’ முதல் ‘ஐ’ வரை ஒன்பது உயிரெழுத்துகளை வைத்தாலும் புதிர் துளியும் மாறாது. ராமானுஜன் தம் நோட்டுப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் எழுதிய மாயச் சதுரங்கள் அப்படியல்ல. அவற்றில் எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வர வேண்டும் என்பதால் எண்ணின் மதிப்பு முக்கியம். சுடோகுவில் மதிப்பு போய்விடுகிறது. எஞ்சுவது தர்க்கம் மட்டுமே.

அந்தத் தர்க்கம் எப்படி வேலை செய்கிறது? ஒரு பெட்டியில் மூன்று கட்டங்கள் காலி. 2, 5, 7 மூன்றும் வர வேண்டும். முதல் கட்டம் இருக்கும் வரிசையில் ஏற்கெனவே 7 இருக்கிறது. மூன்றாவது கட்டத்தின் நெடுவரிசையிலும் 7 இருக்கிறது. ஆகவே 7 வரக்கூடிய இடம் நடுக் கட்டம் மட்டுமே. இது ஆரம்பப் பாடம். அடுத்த படியில்தான் சுவை கூடுகிறது. ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 3 அல்லது 8 மட்டுமே வர முடியும் என்று தெரிகிறது. எதில் எது என்று தெரியவில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வரிசையின் மற்றக் கட்டங்களில் 3-ஐயும் 8-ஐயும் துணிந்து அடித்துவிடலாம். பாதி தெரிந்த விஷயத்திலிருந்து முழுவதும் உறுதியான முடிவு ஒன்று கிடைக்கிறது. பேருந்தில் நின்றபடி இதைச் செய்து முடிக்கும் பெரியவர் ஒரு சிறு தேற்றத்தை நிரூபித்துவிட்டு இறங்குகிறார்.

சுடோகு ஜப்பானில் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்றைய வடிவத்தை உருவாக்கியவர் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ். 1979-இல் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் அது முதலில் வந்தது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, பின்னர் இப்போதைய பெயரைச் சூட்டியது. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெய்ன் கூல்டு 1997-இல் டோக்கியோவின் புத்தகக் கடையொன்றில் அதைப் பார்த்தார். புதிர்களை உருவாக்கும் கணினி நிரலை எழுத அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 2004 நவம்பர் 12 அன்று லண்டன் ‘தி டைம்ஸ்’ முதல் புதிரை வெளியிட, அடுத்த ஆண்டுக்குள் உலகமே அதில் மூழ்கியது. கார்ன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை, 1989-லேயே இறந்துவிட்டார்.

ஆனால் சுடோகுவின் வேர் வயல்வெளியிலும் இருக்கிறது. ஐந்து நெல் ரகங்களை ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வயலின் ஒரு பக்கம் மண் வளமாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். எனவே ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒருமுறை வரும்படி விதைப்பார்கள். இதற்குப் பெயர் லத்தீன் சதுரம். 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் ஆராய்ந்த இந்தச் சதுரத்தை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு ஃபிஷர் வயல் ஆய்வுக்குப் பரவலாகக் கொண்டுவந்தார். 1956-இல் பெரென்ஸ் என்ற ஜெர்மானியர், வயலைப் பகுதிகளாகவும் பிரித்து, அந்தப் பகுதிகளுக்குள்ளும் ஒவ்வொரு ரகமும் ஒருமுறை வர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார். நிரப்பி முடித்த சுடோகு அந்த வயல் திட்டத்தின் ஒரு வகைதான். கார்ன்ஸின் புதிர் அச்சேறுவதற்கு 23 ஆண்டுகள் முன்பே!

சரியாக நிரப்பிய சுடோகு கட்டங்கள் மொத்தம் எத்தனை இருக்க முடியும்? 2005-இல் ஃபெல்கென்ஹாயர், ஜார்விஸ் என்ற இருவர் எண்ணிச் சொன்ன விடை 6,670,903,752,021,072,936,960. உலகின் 800 கோடிப் பேரும் ஆளுக்கு வினாடிக்கு ஒன்று வீதம் எழுதினாலும் முடிக்க 26,000 ஆண்டுகளுக்கு மேலாகும். சுழற்றுவது, எண்களை இடம் மாற்றுவது போன்றவற்றால் ஒன்றாகிவிடும் கட்டங்களை ஒரே கணக்கில் சேர்த்தால், எஞ்சுவது 547 கோடியே 27 லட்சத்து 30 ஆயிரத்து 538.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. ஒரே ஒரு விடை மட்டும் வர வேண்டுமென்றால் குறைந்தது எத்தனை எண்களைக் கொடுக்க வேண்டும்? மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் ராய்ல் 17 எண்கள் கொண்ட புதிர்களாக 49,000-க்கும் மேல் திரட்டி வைத்திருந்தார். 16 எண்கள் கொண்ட ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கும் இல்லாததற்கும் வேறுபாடு உண்டு. கணிதம் இரண்டாவதைத்தான் ஏற்கும்.

இங்கே ஒரு நுட்பம் கைகொடுத்தது. நிரப்பிய கட்டத்தில் ஒரு பெட்டியின் ஒரே நெடுவரிசையில் மேலே 2, கீழே 7 இருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் அதே இரண்டு வரிசைகளில், ஒரே நெடுவரிசையில், மேலே 7, கீழே 2. இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டால் எந்த விதியும் மீறப்படாது. இரண்டாவது விடை வந்துவிடும். எனவே அந்த நான்கில் ஒன்றையாவது புதிரிலேயே கொடுத்தாக வேண்டும். இப்படிப்பட்ட கண்ணிகள் நிரப்பிய ஒரு சுடோகுவில் ஏராளம். எல்லாக் கண்ணிகளையும் 16 எண்களால் தொட முடியுமா என்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்வைர் குழு அந்த 547 கோடிக் கட்டங்களிலும் கணினியில் தேடியது. ஒரே ஒரு செயலி செய்திருந்தால் 800 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை. முடியாது என்ற விடை 2012 ஜனவரியில் வெளியானது.

இதே வழியில் வாசகரே வீட்டில் ஒன்றைச் சரிபார்க்கலாம். புதிரில் கொடுத்த எண்களில் 4, 9 இரண்டுமே இல்லை என்றால், விடையில் எல்லா 4-ஐயும் 9 ஆக்கி, எல்லா 9-ஐயும் 4 ஆக்கினாலும் விடை சரியாகவே இருக்கும். ஆகவே ஒரே விடை உள்ள எந்தப் புதிரிலும் எட்டு வெவ்வேறு எண்களாவது கொடுக்கப்பட்டிருக்கும். கணினி தேவையில்லை, நிரூபணம் இரண்டு வரி.

சுடோகு மறதியைத் தடுக்கும், மூளையைக் கூர்மையாக்கும் என்று மருந்துபோல விற்பது தேவையற்ற வேலை. கணிதம் என்பது வாய்ப்பாடும் சூத்திரமும் மட்டுமே என்று அஞ்சி வளர்ந்த சமூகத்துக்கு, ‘இப்படித்தான் இருக்க முடியும், ஏனென்றால்…’ என்று யோசிக்கும் இன்பத்தைச் சுடோகு திருப்பித் தருகிறது. ஊகித்து நிரப்புகிறவருக்கு அந்த இன்பம் கிடைப்பதில்லை.

அதனால் கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்குக்கு நான்கு சுடோகுவில் மொத்தம் 288 விடைக் கட்டங்கள்தான் உண்டு. ஆறாம் வகுப்பு மாணவர்கள் தாளும் பென்சிலுமாகக் குழுவாக உட்கார்ந்து எண்ணி முடித்துவிடலாம். ஒரே விடை வர அதில் குறைந்தது நான்கு எண்கள் தேவை. மூன்று ஏன் போதாது என்று கேளுங்கள். பாடவேளை ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். விடைக்கு அல்ல, அவர்கள் சொல்லும் காரணத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.