மானியம் கடையில், விலை சீட்டில்!

வாசுதேவநல்லூரில் வயலுக்குக் கூலிக்குப் போகும் தோழருக்குச் சர்க்கரை வியாதி வந்தால், அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு, மருந்தின் மூலப்பெயரிலேயே வாங்குவதால் வந்த பலன் அது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் நம்மைப் பார்த்துக் கற்ற பாடம். சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமையே!

ஆனால், வேலை முடிந்து இரவில் தனியார் டாக்டரிடம் போகிறவர்? அவரையும் எண்ணித்தான் 2025 பிப்ரவரி 24-ல் முதல்வர் மருந்தகங்கள் 1000 திறக்கப்பட்டன. கடை வைத்த மருந்தாளுநருக்கு 3 லட்சம் ரூபாய், கூட்டுறவுச் சங்கத்துக்கு 2 லட்சம் ரூபாய் மானியம். நல்ல காரியம், மறுப்பாரில்லை.

சிக்கல் சீட்டில் இருக்கிறது. டாக்டர் எழுதுவது கம்பெனி சூட்டிய பெயர். மலிவுக் கடையில் இருப்பது மூலப்பெயர் மருந்து. சரக்கு ஒன்றே, என்றாலும் மாற்றிக் கொடுக்கச் சட்டம் கடைக்காரருக்கு இடம் தரவில்லை. வெறுங்கையோடு திரும்பும் தொழிலாளி என்ன செய்வார்? பத்து நாள் மாத்திரையை இருபது நாளுக்கு நீட்டுவார். வியாதி காத்திருக்குமா?

மூலப்பெயரிலேயே எழுத வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி செய்தது; அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. மலிவு மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மருத்துவப் பணிகள் கழகம் தான் வாங்கும் மருந்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துத்தானே ஆஸ்பத்திரிக்குத் தருகிறது? அந்தச் சோதனையை எல்லா மருந்துக்கும் விரிப்பதை விட்டு, விதியைக் கிடப்பில் போட்டது யாருக்காக?