கடல் கடந்த நம்மவர்: பிஜித் தீவின் 1987-ஆம் ஆண்டு

பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவில் குடியேறிய நம்மவர் மே 14 என்னும் தேதியை மறக்க இயலாது. 1879-இல் அந்நாளில்தான் 'லியோனிடாஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை அங்குக் கொண்டு சேர்த்தது. 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. கரும்புத் தோட்டங்களில் உழைத்த தென்னிந்தியர், 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவிப் பள்ளிகளும் எழுப்பினர்.

1986-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அத்தீவின் மக்களில் இந்திய வமிசத்தினர் ஏறக்குறைய 49 சதவிகிதம். பூர்வகுடிகள் 46 சதவிகிதம். ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிகளுக்கே உரியது. நம்மவரிற் பலர் குத்தகைக்குப் பயிரிட்டவர்கள்.

1987 ஏப்ரலில் நடந்த தேர்தலில் வென்று டாக்டர் திமோதி பவாத்ரா பிரதமரானார். அவர் பூர்வகுடியைச் சேர்ந்தவரே. எனினும் இந்தியரின் வாக்குகள் அவருக்குப் பெருந்துணையாயிருந்தமையால், ஆட்சி அந்நியர் வசமாயிற்று என்ற அச்சம் பரவிற்று. மே 14 அன்று லெப்டினன்ட் கர்னல் சிதிவேனி ரபுகாவின் ஆணைப்படி ஆயுதந்தாங்கிய வீரர்கள் பார்லிமெண்டினுள் புகுந்து அரசாங்கத்தாரைச் சிறைப்பிடித்தனர். செப்டம்பர் 25-இல் அவர் மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றினார். அக்டோபரில் தீவு குடியரசாக அறிவிக்கப்பட்டது. காமன்வெல்த் தொடர்பும் அறுந்தது.

தலைமுறைகளாய் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா ஆகிய தேசங்களுக்குப் பெயர்ந்தனர். 2007-இல் இந்திய வமிசத்தினர் 37.5 சதவிகிதமாகக் குறைந்தனர். மீண்டும் பிரதமரான ரபுகா, 2023 மே 14 அன்று மன்னிப்புக் கோரினார். நல்ல காரியமே. ஆனால் இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள். பெயர்ந்து போனோர் பிற தேசங்களில் வேரூன்றிவிட்டனர்.

மாஹிமிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நமக்கு இது முற்றிலும் அயலூர்க் கதையன்று. 1960-களின் பிற்பகுதியில் இம்மாநகரில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கூக்குரலை நம்மிடையேயுள்ள மூத்தோர் அறிவர். நாம் நம் சொந்த தேசத்தின் பிரஜைகள். அரசியற் சட்டத்தின் காவல் நமக்குண்டு. அது பெரும் பேறு. எனினும் அடுத்த வீட்டாரின் மனத்திலுள்ள அச்சத்தைச் சட்டம் போக்காது, பழக்கமே போக்கும். ஆகவே, நேயர்களே, வீட்டில் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்தைத் தவறாது கற்பியுங்கள். மராத்தியையும் மனமுவந்து கற்கச் செய்யுங்கள். அண்டை வீட்டாரின் கணபதி பூஜைக்குச் செல்லுங்கள். நம் பொங்கலுக்கு அவர்களை அழையுங்கள்.